புரட்டாசிச் சனிக்கிழமையில் மிர்பாத் பாசிக்காட்டில் தூண்டில்

மீன் பிடிக்க அக்டோபர் முதல் சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தது நான்தான். அந்தப் பெருமையை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கதை ஜூலையில் ஆரம்பித்தது. நானும் நேசனும் சலாலாவுக்குக் கரீஃப் பார்க்கப் போயிருந்தோம். கரீஃப் என்பது ஓமானின் தெற்கு மூலைக்கு மட்டும் வாய்த்த சாரல் காலம். வளைகுடா முழுவதும் வெயிலில் வெந்துகொண்டிருக்க, அங்கே மலை பச்சைப்பசேலென்று நிற்கும், கார் கண்ணாடியை இறக்கினால் மேகம் உள்ளே வரும். நான் திருக்கோவிலூர் பக்கத்துக்காரன், சோஹாரில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். நேசன் யாழ்ப்பாணம், அதே கம்பெனியில் அக்கவுண்ட்ஸ். மற்றவர்கள் லீவு நாளில் தூங்குவார்கள். நாங்கள் இரண்டு பேரும் சோஹார் கடற்கரையில் கயாக் என்ற ஒற்றையாள் துடுப்புப் படகை வாடகைக்கு எடுத்து ஓட்டப் பழகி, பிறகு அதில் உட்கார்ந்தபடியே தூண்டில் போடவும் பழகிக்கொண்டோம்.

அந்தப் பயணத்தில் சலாலாவிலிருந்து எழுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மிர்பாத்துக்குப் போனோம். கரை முழுக்கப் பழுப்பு நிறத்தில், தோல் பெல்ட்டை அறுத்துப் போட்ட மாதிரி ஏதோ கிடந்தது. அதுதான் கெல்ப். குளிர்ந்த கடலில் மட்டும் வளரும் பெரிய பாசி. வெயிலுக்குப் பேர்போன அரபு நாட்டில் அது எப்படி என்று கேட்டால், கரீஃப் காற்று கடலைப் புரட்டி அடியிலிருக்கும் குளிர்ந்த நீரை மேலே கொண்டுவந்துவிடுகிறதாம். நாலு மாதத்துக்கு ஒரு காடு முளைத்து, ஆடி, அழிந்துபோகிறது. இதையெல்லாம் எங்களுக்கு ஆங்கிலத்தில் சொன்னவன் சாலிம்.

சாலிமுக்கு இருபத்தாறு வயது இருக்கும். மஸ்கட்டில் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து நான்கு கயாக் வாங்கிப் போட்டிருந்தான். டால்பின் காட்டி, படம் எடுக்க வைத்து, கொஞ்சம் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அவன் ஆசை வேறு. கெல்ப் காட்டில் கயாக் மீன்பிடிப்பு, பிடித்த மீனைக் கரையிலேயே சுட்டுச் சாப்பாடு. அவன் அப்பா பரம்பரை மீனவர், சொந்தப் படகு வைத்திருப்பவர். அவருக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. மீன் வேண்டுமென்பவன் சந்தையில் வாங்குவான், பிடிக்கத் தெரிந்தவன் உனக்கு எதற்குக் காசு கொடுக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அக்டோபர் நடுவில் வஞ்சிரத்துக்கான தடை முடிகிறது. அதற்குள் ஒரு கூட்டமாவது வந்து இந்தத் தொழில் நிற்கும் என்று காட்டாவிட்டால் கயாக்கை விற்றுவிட்டு என் படகில் ஏறு என்று கெடு வைத்துவிட்டார்.

ஜூலையில் கடல் கொந்தளிப்பு, கயாக் இறங்காது. கரீஃப் அடங்கியதும், பாசி அழுகுவதற்குமுன், செப்டம்பர் கடைசியிலோ அக்டோபர் ஆரம்பத்திலோ வந்தால் சரியாக இருக்கும் என்றான் சாலிம். நான் போனில் காலண்டரைத் திறந்து, ட்யூட்டி ரோஸ்டரைப் பார்த்து, அக்டோபர் முதல் சனிக்கிழமை என்று அங்கேயே முடிவு செய்தேன். அவனுடைய முதல் மீன்பிடி வாடிக்கையாளர்கள் நாங்கள்தான்.

வியாழக்கிழமை ட்யூட்டி முடிந்ததும் சோஹாரிலிருந்து மஸ்கட் விமான நிலையத்துக்கு பஸ், மூன்று மணி நேரம். அங்கிருந்து சலாலாவுக்கு ஒன்றரை மணி நேர விமானம், போகவர ஆளுக்கு நாற்பத்திரண்டு ரியால். பஸ்ஸிலேயே சலாலா வரை போகலாம், டிக்கெட் எட்டு ரியாலுக்குள் முடியும். ஆனால் பாலைவனத்தைப் பன்னிரண்டு மணி நேரம் வெறித்துப் பார்க்கிற பொறுமை எங்களுக்கு இல்லை. சலாலாவில் நாளுக்குப் பன்னிரண்டு ரியாலில் ஒரு சின்ன கார் எடுத்து, வெள்ளிக்கிழமை நிதானமாகத் தாகா வழியாக மிர்பாத் போய்ச் சேர்ந்தோம். மலையில் பச்சை வடிய ஆரம்பித்திருந்தது. ஒட்டகங்கள் ரோட்டைத் தங்கள் வீட்டு முற்றமாக நினைத்து நடக்கும், நூறு தாண்டாமல் ஓட்டுங்கள்.

மாலை ஒரு மலையாளி கஃபடேரியாவில் சப்பாத்தியும் பருப்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சாலிமிடமிருந்து மெசேஜ் வந்தது. நாளை நீங்கள் பிடிக்கிற மீனைச் சுட அம்மா மசாலா அரைக்கிறார், காரம் எவ்வளவு போடலாம், அப்பாவும் சாப்பிட வருகிறார் என்று கேட்டிருந்தான். நல்ல காரம் என்று டைப் செய்யப் போன விரல் பாதியில் நின்றுவிட்டது. என் தட்டைப் பார்த்தேன். சப்பாத்தி, பருப்பு. இந்த மூன்று வாரமாக நான் ஏன் முட்டையைக்கூடத் தொடவில்லை என்பது அப்போதுதான் புத்திக்கு எட்டியது.

புரட்டாசி மாதம். அதுவும் நாளைக்குச் சனிக்கிழமை. எங்கள் வீட்டில் பெருமாளுக்கு மாவிளக்கு போடுகிற நாள். வருஷத்தின் முன்னூற்றுச் சொச்ச நாளில் ஒரு பெருமாள் குடும்பத்துக்காரன் மீன் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாத நாளாகத் தேடிப் பிடித்து, விமானம் ஏறி, மீன் பிடிக்க வந்திருக்கிறேன். மூன்று வாரமாக விரதமும் இருந்தேன், தூண்டில் நூலும் வாங்கினேன். இரண்டும் என் மண்டையில் வேறு வேறு ரூமில் குடியிருந்திருக்கின்றன, ஒருநாளும் சந்தித்துக்கொள்ளவில்லை.

நேசனுக்கும் அதே கதிதான். யாழ்ப்பாணத்தில் மாதம் முழுக்க இல்லை, ஆனால் புரட்டாசிச் சனி என்றால் சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரித்து விரதம். அவன் சப்பாத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தான்.

"அண்ணை, மீன் பிடிக்கப் போறதெண்டால் மீன் வருமெண்டு உங்களுக்குத் தெரியாதோ? நாளைக்குச் சனியில்லாமல் வேற நாளெண்டால் பரவாயில்லை, உங்கட பங்கையும் சேர்த்து நானே சாப்பிட்டிருப்பன்."

ஒருவேளைதானே, பெருமாள் மன்னிப்பார் என்று நான் இழுத்துப் பார்த்தேன். நாக்குச் சொன்னதை மனசு ஏற்கவில்லை. ஊரில் என் மனைவி நாளைக்குக் காலையில் குளித்து, மாவிடித்து, என் பெயரையும் சேர்த்துச் சொல்லி விளக்கேற்றுவாள். அதே நேரத்தில் நான் இங்கே மீன் முள்ளைத் துப்பிக்கொண்டிருப்பது நடக்கிற காரியமாகத் தெரியவில்லை. ஆனால் சாலிமின் பிழைப்பு? அவன் அப்பாவுக்கு முன்னால் வைக்கப்போகிற ஒரே சாட்சி அந்தச் சாப்பாடுதான். விருந்துக்குக் கூப்பிட்ட அரபு வீட்டில் கைகழுவிவிட்டு எனக்கு வேண்டாம் என்று உட்காருவதை நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

காலை ஆறு மணிக்குக் கடற்கரையில் விஷயத்தைச் சொன்னோம். சாலிம் கோபப்படவில்லை. விரதம் என்றதும் தலையை ஆட்டினான், அது அவனுக்குப் புரியாத சங்கதி இல்லை. ஆனால் கயாக் மேல் உட்கார்ந்து, துடுப்பை மடியில் வைத்துக்கொண்டான். பிறகு கேட்டான், சாப்பிடவும் மாட்டீர்கள், கொல்லவும் மாட்டீர்கள் என்றால் நான் அப்பாவிடம் எதைக் காட்டுவது? காசைக் கொடுத்துவிட்டுச் சும்மா திரும்பிவிடுகிறோம் என்றேன். அவன் அதற்குத்தான் சுருக்கென்று கோபப்பட்டான். வந்தாயிற்று, யல்லா, இறங்குங்கள் என்று எழுந்துவிட்டான். கட்டிங் பிளேயரை எடுத்து எங்கள் தூண்டில் முட்களின் எதிர்க்கொக்கிகளை ஒவ்வொன்றாக நசுக்கித் தந்தான். அப்படிச் செய்தால் மீன் வாயைக் கிழிக்காமல் கழற்றிவிடலாம். உயிருள்ள இரை வேண்டாம் என்று ரப்பர் மீன்களை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

இனி கடல். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டினேன்.

கரையிலிருந்து நானூறு மீட்டர் போனதும் தண்ணீரின் நிறம் தேயிலைக் கஷாயமாக மாறியது. படங்களில் வருகிற கெல்ப் காடு போல ஆகாயம் வரை உயர்ந்த மரங்களை இங்கே எதிர்பார்க்காதீர்கள். மிர்பாத்தின் பாசி இடுப்பளவு, அதிகம் போனால் ஆள் உயரம். ஆனால் ஆழமும் அங்கே அவ்வளவுதான் என்பதால் தண்ணீர் வற்றும் நேரத்தில் கயாக் ஒரு வயலுக்கு மேலே மிதப்பது போலத்தான் இருக்கும். அலை ஒன்று உள்ளே வந்தால் மொத்தக் காடும் ஒரு பக்கமாகச் சாயும். அது போனதும் மெதுவாக நிமிர்ந்து மறுபக்கம் சாயும். முற்றிய கதிர் காற்றில் சாய்கிற அதே சாய்வு. கையை விட்டேன், குளிர் சுண்டியது. சோஹார் கடலில் அக்டோபரிலும் வெந்நீர் வைத்த மாதிரி இருக்கும், இதுவும் அதே நாட்டுக் கடல் என்று நம்ப முடியவில்லை. ஒரு ஆமை மூக்கை நீட்டி எங்களைப் பார்த்துவிட்டு, பெரிய சுவாரசியம் ஏதும் இல்லை என்பது போலத் திரும்பிப் போனது.

இங்கே நங்கூரம் தேவையில்லை. மேலே மிதக்கும் நீளமான பாசியை ஒரு கைப்பிடி அள்ளி மடிமேல் குறுக்காகப் போட்டுக்கொண்டால் போதும், கயாக் அசையாது. சாலிம் செய்ததைப் பார்த்து நானும் செய்தேன். ஈரமும் கனமும் உப்பு வாசமுமாக அது மடியில் கிடந்தது. எனக்கு அந்தக் கணத்தில் உலகத்தில் யார்மேலும் வருத்தமில்லை. அப்படி ஒரு நிம்மதி எனக்குச் சோஹாரில் வந்து பல வருஷமாகிறது.

முதல் மீன் நேசனுக்கு. கையகல வெள்ளி மீன், மஞ்சள் துடுப்பு. அவன் அதை வலையில் ஏந்தி, ஈரக் கையால் பிடித்து, முள்ளைக் கழற்றி, "போட்டு வா ராசா" என்று விட்டான். அடுத்த ஒரு மணி நேரத்தில் இரண்டு பேருக்கும் சேர்ந்து ஏழோ எட்டோ வந்தன. எல்லாம் திரும்பிப் போயின. சாலிம் ஒவ்வொரு மீனும் தண்ணீருக்குள் போகும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

ஒன்பது மணிவாக்கில் என் தூண்டிலில் வேறு மாதிரி ஒரு இழுப்பு. சுண்டவில்லை, ஒரே கனமாகக் கீழே போனது. ஹமூர், நம் ஊரில் களவா என்பார்கள். அது இழுபட்டதும் செய்கிற முதல் வேலை, பாசிக்குள் புகுந்து கல் இடுக்கில் உடம்பை விரித்து உட்கார்ந்துகொள்வது. முதல் மூச்சிலேயே தூக்காவிட்டால் அவ்வளவுதான். நான் தூக்கவில்லை. கயாக் மூக்கு தண்ணீரில் முங்கியது, நான் கத்தினேன், நூல் பாசியில் போய் மாட்டிக்கொண்டது. எனக்குத் தெரிந்ததெல்லாம் இன்னும் பலமாக இழுப்பதுதான். சாலிம் அருகே வந்து, நூலைத் தளர்த்து, கையை எடு, சும்மா இரு என்றான். தளர்த்தினேன். ஒரு சிகரெட் பிடிக்கிற நேரம் எதுவும் நடக்கவில்லை. இழுப்பவன் போய்விட்டான் என்று நினைத்து ஹமூர் தானாக வெளியே வந்தது. நூல் பக்கவாட்டில் நகர்வதைப் பார்த்ததும் ரீலைச் சுற்றினேன், விடவில்லை.

மேலே வந்ததைப் பார்க்க மற்ற இருவரும் கயாக்கை நெருக்கிக்கொண்டு வந்தார்கள். ஆறு கிலோவுக்குக் குறையாது. காபிக்கொட்டை நிறம், உடம்பெல்லாம் புள்ளி, ஒரு கிழட்டு அதிகாரியின் முறைப்பு. சோஹார் மார்க்கெட்டில் இப்படி ஒன்றை வாங்க நான் இரண்டு தடவை யோசிப்பேன். அதன் தாடைக்கடியில் கையைக் கொடுத்துத் தண்ணீரிலேயே வைத்துக்கொண்டு முள்ளைக் கழற்றினேன். செவுள் விரிந்து மூடுவது உள்ளங்கையில் தெரிந்தது. பெருமாளே, இதையா என்று ஒரு நொடி தோன்றியது உண்மை. கையை விரித்தேன். அது அவசரப்படாமல், ஒருமுறை வாலை ஆட்டிவிட்டு, பாசிக்குள் இறங்கிப் போனது.

நிமிர்ந்தால் முப்பது அடி தள்ளி ஒரு ஃபைபர் படகு எஞ்ஜின் அணைந்து நிற்கிறது. வெள்ளைத் தாடி, தலையில் சுற்றிய துணி. சாலிமின் முகத்தைப் பார்த்ததும் அது யார் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. நழுவிவிட்டதா என்று இந்தியில் என்னைக் கேட்டார். படகில் பங்களாதேஷ் ஆட்களோடு பேசிப் பேசி அவருக்கு என்னைவிட நல்ல இந்தி. இல்லை, விட்டுவிட்டேன் என்றேன். ஏன்? இந்த மாதம் நாங்கள் மீன் சாப்பிடுவதில்லை, கடவுளுக்காக.

"கானா நஹி, தோ பக்டா க்யோன்?"

சாப்பிடுவதில்லை என்றால் பிறகு எதற்குப் பிடித்தாய். காலையில் சாலிமின் முகத்தில் இருந்ததும் இதே கேள்விதான். எனக்கு வந்த இந்தியில், பார்ப்பதற்கு என்றேன். அவர் என்னைப் பார்த்தார், நேசனைப் பார்த்தார், கடைசியாக மகனைப் பார்த்தார். எஞ்ஜினைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். எல்லாம் போச்சு என்று சாலிமின் முகமே சொல்லிற்று. எங்கள் விரதத்தால் ஒருவன் தொழில் அழிந்தது என்றுதான் எனக்குப் பட்டது. அதன்பிறகு யாரும் தூண்டில் போடவில்லை.

பதினொன்றரைக்குக் கரையில் பாய் விரித்திருந்தார்கள். ஒரு பெரிய தட்டில் சாதம். சாலிமுக்கும் அப்பாவுக்கும் அவர் வலையில் வந்த மீன். எங்களுக்கு என்று அவன் அம்மா எலுமிச்சை ஊறுகாய், தயிர், பேரீச்சை, சலாலா வாழைப்பழம் எல்லாம் தனியாக அனுப்பியிருந்தார். காலையில் அவன் போன் செய்து சொல்லியிருக்கிறான். பெரியவர் வந்து உட்கார்ந்ததும் நாங்கள் மன்னிப்புக் கேட்கும் தோரணையில் நிமிர்ந்தோம். விரதத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மனிதன் கடவுளுக்குச் சொன்னதைக் காப்பாற்றுகிறான், அதில் என்ன கேள்வி என்பது போல வாழைப்பழத்தை எங்கள் பக்கம் நகர்த்திவைத்தார். அவர் மண்டையைக் குடைந்தது வேறு.

எங்கேயிருந்து வந்தீர்கள் என்றார். சோஹார். விமானத்திலா? ஆமாம். கார்? ஆமாம். ரூம்? ஆமாம். இந்தப் பயலுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்? ஆளுக்கு இருபது ரியால். மீன் எவ்வளவு எடுத்துப் போகிறீர்கள்? ஒன்றும் இல்லை. வருத்தமா? நேசன் முந்திக்கொண்டு, இல்லை சாச்சா, இவ்வளவு சந்தோஷமாக நாங்கள் இருந்ததில்லை என்றான். அது சத்தியமான வார்த்தை. சொல்லும்போது அவன் கண் கலங்கியது, காலையிலிருந்து தேக்கி வைத்திருந்தான் போல.

பெரியவர் உருட்டிய சாதத்தைத் தட்டிலேயே வைத்தார். பிறகு மகன் பக்கம் திரும்பித் தங்கள் பாஷையில் நீளமாக ஏதோ சொன்னார். சாலிம் தலையைக் குனிந்து கேட்டான். சொல்லி முடித்ததும் அவர் எழுந்து, கையைக் கடலில் கழுவிக்கொண்டு, தொழுகைக்குப் போய்விட்டார். என்ன சொன்னார் என்று சாலிமைப் பிடித்து உலுக்கினோம்.

"நாற்பது வருஷமா கடலுக்குப் போறேன். மீன் வந்த நாள் சோறு, வராத நாள் கடன். மீனே வேண்டாம்னு சொல்லி மீனுக்குக் காசு கொடுக்குற ஆளை நான் பார்த்ததில்லை. அப்படி ஆள் இருந்தா அந்தத் தொழில்ல நஷ்டம் எங்கேயிருந்து வரும்? இதைத்தான் சொன்னாரு."

அப்படியென்றால் சரி என்றாரா என்று கேட்டேன். அதை மட்டும் சொல்லவில்லை என்றான் சாலிம். யோசிக்கட்டும், அவர் எதையும் ஒரே நாளில் சொல்லமாட்டார். அந்த நிலையில்தான் நாங்கள் மிர்பாத்தை விட்டுக் கிளம்பினோம்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். செப்டம்பர் கடைசி வாரத்துக்கு முன்னால் போனால் அலை உங்களைக் கரையிலேயே வைத்துவிடும். அக்டோபர் போய்விட்டால் பாசி கிழிந்து கரையில் கிடக்கும். ஓமானில் பொழுதுபோக்காக மீன் பிடிக்கவும் அனுமதிச் சீட்டு வேண்டும், ஆன்லைனில் முன்கூட்டியே எடுத்துக்கொள்ளுங்கள். சிங்க இறால், சிப்பி எதையும் தொடாதீர்கள், அதற்கெல்லாம் தனிச் சட்டம், தனிக் காலம். ஷார்ஜா, துபாய்ப் பக்கமிருந்து வருபவர்கள் ஓமான் விசா விதியைக் கிளம்புமுன் சரிபாருங்கள், அடிக்கடி மாறுகிறது. லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள். பாசிக்குள் விழுந்தால் காலில் சுற்றும், பதறி உதைத்தால் இன்னும் சுற்றும், அசையாமல் மல்லாந்து மிதந்தால் தானே விடும். முழுக்கைச் சட்டை, மெல்லிய கையுறை, பழைய துண்டு ஒன்று கட்டாயம். நம் ஆட்களுக்குக் கூடுதலாக ஒன்று, டிக்கெட் போடுமுன் தமிழ்க் காலண்டரையும் ஒருமுறை திறந்து பாருங்கள். அல்லது பார்க்காமலே போங்கள், நான் தடுக்க மாட்டேன். கையில் வந்த மீனை விடுவதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கிறது என்று விரதம் இல்லாத நாளில் எனக்குத் தெரிந்திருக்காது.

சோஹார் திரும்பிப் பத்து நாள் சாலிமிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. கேட்கவும் பயமாக இருந்தது. வஞ்சிரத் தடை நீங்கிய மறுநாள் மாலை, நானும் நேசனும் ட்யூட்டி முடிந்து வருகிற பஸ்ஸில் இருந்தபோது, அவனிடமிருந்து ஒரு படம் வந்தது. பெரியவர் படகில் நிற்கிறார், பக்கத்தில் புதிதாகக் கூலிக்கு அமர்த்திய ஆள் ஒருவர் வலையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். சாலிம் படகில் இல்லை. படத்தை எடுத்தவனே அவன்தான், கரையில் தன் கயாக்குகளோடு நின்று.

நேசன் படத்தைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கீழே சாலிம் எழுதியிருந்தான். நேற்று மூன்று பேர் வந்தார்கள், மீன் சரியாகக் கிடைக்கவில்லை என்று காசைக் குறைக்கச் சொல்லிச் சண்டை போட்டார்கள், அப்பா அவர்களைத் திட்டி அனுப்பிவிட்டார். இனிமேல் சாப்பிடாத ஆட்களாகப் பார்த்து அனுப்பி வைக்கச் சொல்கிறார்.